ப்ராஸ்டேட் புற்றுநோய்: அறுவைக்கு முன் பெட் ஸ்கேன் எதற்கு?

பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கூடவே, "அதற்கு முன்னால் ஒரு பிஎஸ்எம்ஏ பெட் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்கிறார். நோய்தான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இன்னொரு ஸ்கேன்? நோயாளிக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் முதலில் வருகிற சந்தேகம் இதுதான். நியாயமான சந்தேகமும்கூட. நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு பயாப்ஸி பதில் சொல்லிவிட்டது. எங்கெல்லாம் இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஊசி குத்திய இடத்தைப் பற்றி மட்டும்தான் அது பேசும்.

ப்ராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளியேறும் குழாயை மோதிரம்போலச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். புற்றுநோய்க்கான அறுவையில் சுரப்பியை முழுசாக எடுத்து, ஒட்டியிருக்கும் விந்துப்பைகளையும் எடுத்து, சிறுநீர்ப்பையைக் கீழே உள்ள குழாயோடு மறுபடி சேர்த்துத் தைப்பார்கள். நோய் அந்த நெல்லிக்காய்க்குள் அடங்கியிருந்தால் வேரோடு பிடுங்கியாயிற்று. ஆனால் கொஞ்சம் செல்கள் ஏற்கெனவே முதுகெலும்பில் போய்க் குடியேறியிருந்தால்? சிறுநீர்க் கசிவு, விறைப்புத்தன்மைக் குறைவு என்று அறுவைக்குப் பின்னால் வரக்கூடிய கஷ்டங்கள் அத்தனையையும் தாங்கிக்கொண்ட பிறகும் நோய் உடம்பில்தான் இருக்கும்.

அதனால் கத்தியைக் கையில் எடுக்கும் முன் ஒரு கணக்கெடுப்பு தேவைப்படுகிறது. இதைத்தான் ஸ்டேஜிங் என்கிறார்கள். ரிப்போர்ட்டுகளில் டி, என், எம் என்ற மூன்று எழுத்துகள் வரும். டி என்பது கட்டியின் பரப்பு. டி2 என்றால் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, டி3ஏ என்றால் சுரப்பியின் எல்லையைத் தாண்டிவிட்டது, டி3பி என்றால் விந்துப்பைக்குள் போய்விட்டது. என் என்பது இடுப்புக்குழியில் உள்ள நிணநீர்க் கணுக்கள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. திசுக்களிலிருந்து வடிந்து வரும் நீரைச் சோதித்து அனுப்புகிற சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ராஸ்டேட்டிலிருந்து நழுவும் புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வது இடுப்புக்குழிச் சாவடிகளில்தான். எம் என்பது அதையும் தாண்டிய பரவல்: தூரத்துக் கணுக்கள், எலும்பு, பிற உறுப்புகள். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு எலும்பு மேல் தனிப் பிரியம் உண்டு.

பழைய இரட்டையர்

பல வருடங்களாக இந்தக் கணக்கெடுப்பை இரண்டு ஸ்கேன்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்தன. கணுக்களைப் பார்க்க சிடி, எலும்பைப் பார்க்க எலும்பு ஸ்கேன்.

சிடிக்குத் தெரிந்தது உருவமும் அளவும் மட்டும். இடுப்புக்குழியில் ஒரு கணு 8 அல்லது 10 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சந்தேகப்படுவார்கள், அதற்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், ப்ராஸ்டேட் புற்றுநோய் ஏறிய கணுக்களில் நிறைய 8 மில்லிமீட்டரை எட்டுவதே இல்லை. மிளகு அளவிலேயே நோயை வைத்துக்கொண்டு சமர்த்தாக இருக்கும். இன்னொரு பக்கம், எப்போதோ வந்த தொற்றினால் வீங்கிய அப்பாவிக் கணு பெரிதாகத் தெரிந்து மாட்டிக்கொள்ளும்.

எலும்பு ஸ்கேன் இன்னும் வேடிக்கை. அது புற்றுநோயைப் பார்ப்பதே இல்லை. டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய மருந்து, எலும்பு எங்கே தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். புற்றுநோய் எலும்பைக் கெடுத்தால் எலும்பு பழுதுபார்க்கும், அந்த வேலை படத்தில் கறுப்பாகத் தெரியும். திருடனைத் தேடாமல் பூட்டு உடைந்த வீடுகளைத் தேடுகிற மாதிரி. மூட்டுத் தேய்மானமும் பழைய எலும்பு முறிவும் அதே பழுதுபார்க்கும் வேலையைக் கிளப்பிவிடும் என்பதால் வீணான பயங்கள் ஏராளம். திருடன் உள்ளே நுழைந்து இன்னும் எதையும் உடைக்கவில்லை என்றால் ஸ்கேனுக்கு ஒன்றும் தெரியாது.

பெட் எப்படிப் பார்க்கிறது

பெட் ஸ்கேனில் நம் உடம்புதான் விளக்கு, மெஷின் வெறும் கண். ஒரு மருந்தில் கதிரியக்க அணுவை ஒட்டி ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். அந்த அணு சிதையும்போது பாசிட்ரான் என்ற துகளை உமிழும். பாசிட்ரான் பக்கத்திலேயே ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து, இரண்டும் சேர்ந்து மறைந்து, அந்த இடத்திலிருந்து இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் கிளம்பும். நோயாளியைச் சுற்றி வளையமாக நிற்கும் உணரிகளில் இரண்டு மட்டும் ஒரே கணத்தில் தட்டுப்பட்டால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் எங்கோ சம்பவம் நடந்திருக்கிறது. இப்படி லட்சக்கணக்கான கோடுகளைக் கணினி போட்டுப் பார்க்கிறது. கோடுகள் எங்கே நெருக்கமாக வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே மருந்து குவிந்திருக்கிறது. கூடவே ஒரு சிடியும் எடுத்து இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், ஒளிர்கிற இடம் எந்த எலும்பு, எந்தக் கணு என்று அடையாளம் சொல்லலாம்.

ஆக, பெட் ஸ்கேனின் கெட்டிக்காரத்தனம் மெஷினைவிட மருந்தில்தான் அதிகம் இருக்கிறது. மற்றப் பல புற்றுநோய்களுக்கு எஃப்டிஜி என்ற சர்க்கரை மருந்தைப் பயன்படுத்துவார்கள், வேகமாக வளரும் கட்டிகள் சர்க்கரையை விழுங்கும் என்பதால். ப்ராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் நிதானமான ஆசாமி, ஆரம்பத்தில் சர்க்கரைக்கு அவ்வளவாக ஆசைப்படாது. போதாக்குறைக்கு எஃப்டிஜி சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை பளிச்சென்று எரியும், பக்கத்திலேயே இருக்கும் ப்ராஸ்டேட் அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். "பெட் ஸ்கேன் ப்ராஸ்டேட்டுக்கு உதவாது" என்று முன்பு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், அது இந்தச் சர்க்கரை பெட்டைப் பற்றியது.

ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு என்று ஓர் இரை தேவைப்பட்டது. அது பிஎஸ்எம்ஏ (ப்ராஸ்டேட் ஸ்பெசிஃபிக் மெம்ப்ரேன் ஆன்டிஜன்) என்ற புரதத்தின் வழியாகக் கிடைத்தது. ப்ராஸ்டேட் செல்களின் மேலுறையில் செருகி நிற்கும் புரதம் இது. சாதாரண ப்ராஸ்டேட் செல்லில் கொஞ்சம் இருக்கும், புற்றுநோய்ச் செல்லில் நூறு மடங்கு, அதற்கு மேலும் பெருகும். நோயின் மூர்க்கம் கூடக்கூட இதுவும் பொதுவாகக் கூடுகிறது. ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம்: ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ வேறு, இந்த பிஎஸ்எம்ஏ வேறு. பிஎஸ்ஏ ரத்தத்தில் கசிந்து வருவது. பிஎஸ்எம்ஏ செல்லை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டிருப்பது. நகராமல் இருப்பதால்தான் அதைக் குறி வைக்க முடிகிறது.

இந்தப் புரதத்தைக் குறி வைக்கும் யோசனை புதிதல்ல. 1996இலேயே அமெரிக்காவில் ப்ராஸ்டாசின்ட் என்ற ஸ்கேன் மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். பிஎஸ்எம்ஏயைப் பிடிக்கிற ஆன்டிபாடி, அதாவது ஒரு பெரிய புரத மூலக்கூறுதான் அது. ஆனால் அது புரதத்தைப் பிடித்த இடம் தப்பு. செல்லுக்கு உள்ளே இருக்கும் வால் பகுதியைப் பிடித்தது. உயிரோடு இருக்கும் செல்லுக்குள் அவ்வளவு பெரிய மூலக்கூறு நுழைய முடியாது. செத்து, உறை கிழிந்த செல்களில்தான் ஒட்டியது. படங்கள் மங்கலாக வந்தன, பெரிதாகப் பயன்படவில்லை. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கவ்வுகிற சின்ன மூலக்கூறுகள் வந்த பிறகுதான் கதை மாறியது. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து ஆய்வாளர்கள் கேலியம்-68 என்ற கதிரியக்க அணுவை ஏற்றிய பிஎஸ்எம்ஏ-11 என்ற மூலக்கூறை 2010களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அமெரிக்க அனுமதி 2020 டிசம்பரில் வந்தது. அடுத்த வருடம் ஃப்ளோரின்-18 ஏற்றிய இன்னொரு மருந்துக்கும் அனுமதி கிடைத்தது.

கேலியமா ஃப்ளோரினா என்று நோயாளி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேலியம்-68 சுமார் 68 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், ஸ்கேன் எடுக்கிற இடத்திலேயே, இந்த அணுவை ஊறவைத்துத் தரும் ஜெனரேட்டர் என்ற சின்னக் கருவியிலிருந்து கறந்து உடனே பயன்படுத்துவார்கள். ஃப்ளோரின்-18க்கு அது 110 நிமிடம், அதனால் வேறிடத்தில் தயாரித்து வண்டியில் அனுப்பலாம். எங்கே எது கிடைக்கிறதோ அதுதான். ஒரு வித்தியாசத்தை மட்டும் பின்னால் சொல்கிறேன்.

ஸ்கேன் அன்று

சர்க்கரை பெட்டுக்கு வெறும் வயிறு வேண்டும். பிஎஸ்எம்ஏவுக்குப் பொதுவாக அந்தக் கட்டுப்பாடு இல்லை. நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். கையில் ஊசி போட்டபிறகு ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும், சில மருந்துகளுக்கு இரண்டு மணி நேரம். மெஷினுக்குள் போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். இதை அலட்சியப்படுத்த வேண்டாம், பைக்குள் தங்கும் ஒவ்வொரு சொட்டும் படத்தில் எரியும். சிலருக்குச் சிறுநீரைப் பெருக்கும் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி 20, 30 நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் முடிந்தது. அதன் பிறகு சில மணி நேரம் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்கி உட்காராமல் இருந்தால் போதும்.

ஹார்மோன் ஊசி போடுவதாக இருந்தால், ஸ்கேனை அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஹார்மோன் சிகிச்சை பிஎஸ்எம்ஏயின் அளவையே மாற்றிவிடும். பரவல் எவ்வளவு என்று பார்க்க எடுத்த படம், மருந்துக்குப் பயந்து அடங்கிப்போன நோயைக் காட்டிக்கொண்டிருக்கும்.

எரிவதெல்லாம் நோய் அல்ல

முதன்முறையாகப் படத்தைப் பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். முகத்தில் ஆறேழு இடம் எரிகிறது, வயிற்றில் இரண்டு பெரிய விளக்கு. கண்ணீர்ச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி, கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், சிறுகுடலின் தொடக்கம் எல்லாம் இயல்பாகவே இந்த மருந்தை வாங்கிக்கொள்ளும். 'ப்ராஸ்டேட்டுக்கே உரிய' என்று புரதத்துக்குப் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இவை ஏமாற்றாது, எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது சின்னச் சின்னப் பொறிகள். தன்னியக்க நரம்புகளின் முடிச்சுகள், வயிற்றின் பின்சுவரிலும் இடுப்பெலும்பின் முன்னாலும் இருப்பவை, லேசாக மருந்தை ஏற்று நிணநீர்க் கணு மாதிரியே வேஷம் போடும். பழகிய கண் அவற்றின் வடிவத்தைப் பார்த்து ஒதுக்கிவிடும்: கணு உருண்டையாக இருக்கும், நரம்பு முடிச்சு பட்டையாகவோ கண்ணீர்த் துளிபோலவோ நீண்டிருக்கும். இன்னொன்று, சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய். அது இடுப்பு ரத்தக்குழாய்களைக் கடந்து போகிற இடத்தில்தான் நமக்குச் சந்தேகமான கணுக்களும் இருக்கும். அங்கே குழாயில் ஒரு சொட்டு சிறுநீர் தேங்கினாலும் படத்தில் அச்சு அசல் கணுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு படம் எடுத்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும். சிறுநீர் நகர்ந்திருக்கும், கணு நகராது.

ஒரு ரிப்போர்ட்டை நம் வசதிக்கு எழுதிப் பார்ப்போம். "ப்ராஸ்டேட்டின் வலது ஓரத்தில் தீவிர ஏற்பு. வலது ஆப்டுரேட்டர் பகுதியில் 6 மில்லிமீட்டர் நிணநீர்க் கணு, எஸ்யூவி மேக்ஸ் 14. இடது ஏழாவது விலா எலும்பில் லேசான ஏற்பு, எஸ்யூவி மேக்ஸ் 4, சிடியில் மாற்றம் எதுவும் இல்லை." ஆப்டுரேட்டர் பகுதி என்பது இடுப்புக்குழியின் பக்கச்சுவர். எஸ்யூவி என்பது, மருந்து உடம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் இருக்க வேண்டியதைவிட இந்த இடத்தில் எத்தனை மடங்கு சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு.

வீட்டில் இதைப் படிக்கிறவர் கண் எங்கே போய் நிற்கும்? விலா எலும்பில். "எலும்புக்கே வந்துவிட்டதா" என்று அன்றிரவு தூக்கம் போகும். டாக்டர் கண் போய் நிற்பது அந்தக் கணுவில். 6 மில்லிமீட்டர் என்பதால் சிடி இதை இயல்பான கணு என்று விட்டிருக்கும். ஆனால் ப்ராஸ்டேட்டின் வடிகால் பாதையிலேயே இருக்கிறது, நோய் இருக்கிற அதே பக்கம், பளிச்சென்று எரிகிறது. இது பெரும்பாலும் நிஜம். விலா எலும்பில் தனியாக ஒரே ஒரு புள்ளி, மங்கலாக, சிடியில் ஒன்றும் இல்லாமல் தெரிந்தால் அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பழைய அடியோ, எலும்பில் இருக்கும் தீங்கற்ற மாற்றமோ, காரணமே தெரியாத ஏற்போ ஆக இருக்கலாம். பின்னால் சொல்கிறேன் என்றேனே, அந்த வித்தியாசம் இங்கேதான் வருகிறது. ஃப்ளோரின் ஏற்றிய பிஎஸ்எம்ஏ-1007 என்ற மருந்து சிறுநீரில் அதிகம் போகாமல் பித்தநீர் வழியாக வெளியேறும், அதனால் சிறுநீர்ப்பையை ஒட்டிய இடங்கள் தெளிவாகத் தெரியும். அதற்குப் பதிலாக விலா எலும்பில் இப்படிப்பட்ட பொய்ப் புள்ளிகளை அது அதிகம் காட்டும். எந்த மருந்து ஏற்றினார்கள் என்பது ரிப்போர்ட்டின் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் விலா எலும்புக்குப் பயப்படக்கூடாது.

இரண்டு ஆய்வுகள், இரண்டு எண்கள்

பழைய இரட்டையரையும் பிஎஸ்எம்ஏ பெட்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. பெயர் புரோபிஎஸ்எம்ஏ. பத்து மருத்துவ மையங்கள், ஆபத்து அதிகமான ப்ராஸ்டேட் புற்றுநோய் உள்ள 302 ஆண்கள், எல்லோருமே அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ தயாராக இருந்தவர்கள். பாதிப் பேருக்கு முதலில் சிடியும் எலும்பு ஸ்கேனும், மீதிப் பேருக்கு முதலில் பிஎஸ்எம்ஏ பெட். 2020இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரவல் இருக்கிறதா இல்லையா என்று சரியாகச் சொன்னதில் பெட் 92 சதவீதம், பழைய முறை 65 சதவீதம். இருக்கிற பரவலைக் கண்டுபிடித்ததில் 85க்கு 38. "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று கையை விரித்தது பெட்டில் 7 சதவீதம், பழைய முறையில் 23 சதவீதம். கதிர்வீச்சும் பாதிக்கும் குறைவு: 8.4 மில்லிசீவர்ட், பழைய இரண்டும் சேர்ந்து 19.2. பெட் எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குச் சிகிச்சைத் திட்டமே மாறியது.

இதோடு நிறுத்திக்கொண்டால் பிரமாதமான கதை. இணையத்தில் பல கட்டுரைகள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அதில்தான் மனத்தாங்கல்.

கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏ, யுசிஎஸ்எஃப் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பிஎஸ்எம்ஏ-11க்கு அமெரிக்காவில் அனுமதி வாங்கிக்கொடுத்த இடங்களும் இவைதான். ஸ்கேன் எடுத்துவிட்டு அறுவைக்குப் போன 277 பேரின் இடுப்புக்குழிக் கணுக்களை வெட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். 75 பேருடைய கணுக்களில் நோய் இருந்தது. அந்த 75 பேரில் ஸ்கேன் முன்கூட்டியே சரியாகக் காட்டியது 40 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 30 பேருக்கு. மீதி 45 பேருக்கு ஸ்கேன் சுத்தம் என்றது, கணுவில் நோய் இருந்தது. கணுவில் நோயே இல்லாத 202 பேரில் பெட் வீணாகப் பழி போட்டது சுமார் 10 பேர் மேல்தான்.

85 எப்படி 40 ஆனது? ஸ்கேன் கெட்டுப்போகவில்லை, அளவுகோல் மாறியது. ஆஸ்திரேலிய ஆய்வில் கணு, எலும்பு என எல்லாப் பரவலையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உண்மை என்ன என்று தீர்மானிக்கப் பல மாதம் கழித்து எடுத்த படங்கள், பிஎஸ்ஏ ஏற்ற இறக்கம், கிடைத்த இடத்தில் பயாப்ஸி என்று பலதையும் சேர்த்துப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் நீதிபதி மைக்ராஸ்கோப், அதன் கண்ணுக்குத் தப்புவது மிகக் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கேனில் பரவல் பளிச்சென்று தெரிந்தவர்களில் பலர் அறுவைக்கே போயிருக்கமாட்டார்கள், சுலபமான கேள்விகள் தேர்விலிருந்தே கழன்றுவிட்டன.

கடுகும் மிளகும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சிடி கோட்டைவிட்ட மிளகளவு நோயை பிஎஸ்எம்ஏ பெட் பிடித்துவிடும். கடுகளவு, அதாவது இரண்டு மில்லிமீட்டர் நோய் என்றால் பெரும்பாலும் தப்பிவிடும். காமாக் கதிர்களை வைத்துக் கோடு போட்டுத் தேடுகிற முறைக்கு இயற்பியலே வைத்த எல்லை அது. நான்கைந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வெளிச்சம் கலங்கிப் பின்னணியில் கரைந்துபோகும். அப்புறம், எல்லாப் ப்ராஸ்டேட் புற்றுநோயும் பிஎஸ்எம்ஏயைச் சுமப்பதில்லை, சிறுபான்மைக் கட்டிகளில் அது குறைவு. ப்ராஸ்டேட்டில் உள்ள மூலக் கட்டியே ஸ்கேனில் மங்கலாகத் தெரிந்தால், கணுக்கள் சுத்தமாகத் தெரிவதற்கு அவ்வளவாக அர்த்தம் இல்லை. இதைக் கட்டாயம் டாக்டரிடம் கேளுங்கள்.

அதே 277 பேரை வைத்து இன்னொரு விதமாகக் கணக்குப் போடலாம். ஸ்கேன் 'கணுவில் இருக்கிறது' என்று சொன்ன ஒவ்வொரு நாலு பேரிலும் மூன்று பேருக்கு உண்மையிலேயே இருந்தது. 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு ஐந்து பேரிலும் கிட்டத்தட்ட ஒருவருக்கு இருந்தது. ஸ்கேன் காட்டியதை நம்பித் திட்டம் போடலாம். காட்டாததை நம்பி நிம்மதியாகப் படுத்துவிட முடியாது.

சரி, அறுவையில் என்ன மாறும்?

பெட்டில் எதுவும் வெளியே தெரியவில்லை என்றால் திட்டப்படி அறுவை. கணுக்களை எடுக்க வேண்டுமா என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கும். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், பயாப்ஸியில் மூர்க்கமான வகை, பிஎஸ்ஏ அதிகம் என்றால் பல அறுவை நிபுணர்கள் இடுப்புக்குழிக் கணுக்களை விரிவாக எடுத்தே பார்க்கிறார்கள், மேலே பார்த்த அந்த ஐந்தில் ஒருவருக்காக. எடுத்தால் நிணநீர் தேங்கிக் கட்டியாவது, கால் வீங்குவது போன்ற தொல்லைகள் வரலாம், ஆயுள் நீளும் என்று உறுதியான நிரூபணமும் இல்லை. அதனால் பெட் சுத்தம் என்றால் இதைத் தவிர்க்கலாமா என்ற விவாதம் துறைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் டாக்டரும் பக்கத்து டாக்டரும் இதில் வேறு வேறு பதில் சொன்னால், ஒருவருக்கு விஷயம் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடுப்புக்குழியில் ஒன்றிரண்டு கணு எரிந்தால், அறுவை நிபுணருக்குக் கையில் வரைபடம் கிடைத்த மாதிரி. வழக்கமாக எடுக்கும் எல்லைக்கு வெளியே, மலக்குடலை ஒட்டியோ இடுப்பெலும்பின் முன்னாலோ ஒரு கணு தெரிந்தால் அங்கேயும் கை போகும். இல்லை, அறுவையே வேண்டாம், கணுக்களையும் சேர்த்துக் கதிர்வீச்சும் ஹார்மோன் சிகிச்சையும் கொடுக்கலாம் என்றும் முடிவாகலாம்.

எலும்பில் தெளிவாகப் பல இடங்களில் இருந்தால் பொதுவாக அறுவை முதல் வழியாக இருக்காது, உடம்பு முழுக்கப் போகும் மருந்துதான் முன்னால் வரும். சிக்கலானது நடுவில் இருக்கும் ஆசாமி. எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை, சிடியில் ஒன்றும் இல்லை, பெட்டில் மட்டும் ஒரே ஒரு புள்ளி. இவரைப் பரவிய நோயாளிகள் கணக்கில் சேர்ப்பதா? பரவிய நோய்க்கு என்ன மருந்து என்று சொன்ன பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய ஸ்கேன்களை வைத்து ஆள் சேர்த்தவை. அதில் இருந்தவர்களின் நோய் சிடிக்கே தெரியும் அளவுக்கு வளர்ந்தது. பெட்டின் ஒற்றைப் புள்ளிக்காரரை அந்த வரிசையில் நிறுத்தி, குணப்படுத்தும் வாய்ப்பைப் பறித்துவிடக் கூடாது என்று நிபுணர்களே எச்சரிக்கிறார்கள். முடிந்தால் அந்தப் புள்ளியில் ஊசி போட்டு நிரூபித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய ஒரு கணக்கு விளையாட்டும் இருக்கிறது, பெயர் வில் ராஜர்ஸ் விளைவு. 'ஏ' பிரிவில் கடைசி மதிப்பெண் வாங்கும் பையனை 'பி' பிரிவுக்கு மாற்றினால், அங்கே இருக்கிறவர்களைவிட அவன் மேல் என்றால், இரண்டு பிரிவின் சராசரியும் ஏறிவிடும். ஒரு பையனும் கூடுதலாக ஒரு மார்க்கூட வாங்கவில்லை. கூர்மையான ஸ்கேன் வந்த பிறகு 'பரவாத' குழுவும் 'பரவிய' குழுவும் முன்னைவிட நீண்ட நாள் வாழ்வதுபோலப் புள்ளிவிவரம் காட்டினால், அதில் ஒரு பங்கு இந்த இடமாற்றம்தான்.

கட்டி சுரப்பியின் எல்லையைத் தாண்டியதா, விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்பதை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்க எம்ஆர்ஐதான் இன்னும் கெட்டிக்காரன். பெட் எடுத்தாயிற்று, எம்ஆர்ஐ வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அதே மாதிரி, பிஎஸ்ஏ 10க்குக் கீழே, கிளீசன் (பயாப்ஸியில் நோயின் மூர்க்கத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்) 6, கட்டி சிறிது என்ற ஆபத்துக் குறைந்த நிலையில் இருப்பவருக்கு இந்த ஸ்கேன் தேவைப்படுவதில்லை. அவருக்குப் பரவியிருக்கும் வாய்ப்பே மிகக் குறைவு. தேடப் போனால் மேலே பார்த்த விலா எலும்புப் புள்ளிதான் கிடைக்கும், அதைத் தொடர்ந்து தேவையில்லாத ஊசியும் தூக்கமில்லாத இரவுகளும். பிஎஸ்ஏ 20ஐத் தாண்டியவர்கள், கிளீசன் 8 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், சுரப்பியைத் தாண்டிய கட்டி உள்ளவர்கள், கிளீசன் 7இலேயே சற்று மூர்க்கமான 4+3 வகை உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் இது காசுக்கும் கதிர்வீச்சுக்கும் பலன் தருகிறது.

அறுவை முடிந்த பிறகு இரண்டு விஷயங்கள் வரும். வெட்டியெடுத்த சுரப்பி, கணுக்களின் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் டி, என் எழுத்துகளுக்கு முன்னால் ஒரு 'பி' (ஆங்கில p) சேர்ந்திருக்கும், மைக்ராஸ்கோப் பார்த்துச் சொன்னது என்பதற்கு அடையாளம். பெட் சொன்னதும் இதுவும் முரண்பட்டால் இதுதான் செல்லும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பிஎஸ்ஏ பார்ப்பார்கள், அப்போது அது அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பின்னால் எப்போதாவது 0.2ஐத் தொட்டு ஏறத் தொடங்கினால் மறுபடி பிஎஸ்எம்ஏ பெட் எடுக்கச் சொல்வார்கள், புதிய படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள். முன்பே இருந்த அந்த விலா எலும்புப் புள்ளி அப்படியே இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அதனால் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, படங்கள் இருக்கும் குறுந்தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.